"நேற்றிலிருந்து" என்று சொல்லாதீர்கள்: ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்புகிற அண்ணன்மாரே, அக்காமாரே, மாமாக்களே, பக்கத்து வீட்டுத் தம்பிகளே,



இதை டாக்டர்களுக்கு எழுதியிருக்கலாமே என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். டாக்டர்களுக்குச் சொல்லப் பாடப்புத்தகங்கள் இருக்கின்றன, மாநாடுகள் இருக்கின்றன. உங்களுக்குச் சொல்லத்தான் யாருமில்லை. உங்களுக்கு இந்தி வரும், மராத்தியைச் சமாளிப்பீர்கள். கேஸ் பேப்பர் எடுக்கிற ஜன்னல் எது, சோனோகிராஃபி எந்த மாடியில், எந்த வரிசையில் நின்றால் மதியத்துக்குள் வெளியே வரலாம் என்பதெல்லாம் அத்துபடி. அதனால் உங்களைக் கூப்பிடுகிறார்கள். அன்றைய கூலி போனாலும், ஆபீஸில் அரை நாள் லீவு போனாலும் நீங்களும் வருகிறீர்கள். திருநெல்வேலியிலிருந்து போன மாதம் வந்திறங்கிய அத்தைக்கும், கல்யாணமாகி வந்து இன்னும் இந்தி பழகாத மருமகளுக்கும், டாக்டரைக் கண்டதும் வாயடைத்துப்போகிற பிள்ளைகளுக்கும் நீங்கள்தான் வாய். கேஸ் பேப்பரில் ஏறுவது பெரும்பாலும் உங்கள் வாக்கியம்தான்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி உங்களிடம் முறையிட வந்திருக்கிறேன்.

வலது பக்கம் அடிவயிற்றில் வலி என்றால் நம் தெருவில் எல்லோருக்கும் நோயின் பெயர் தெரியும்: அப்பெண்டிக்ஸ். ஓபிடிக்குப் போகும் முன்பே வாசலில் முடிவாகிவிடும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். குடல்வால் அழற்சி அரிய நோய் இல்லை, அது வந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் நான் எழுதியதே வீண். ஆனால் அந்த மூலையில் குடல்வால் மட்டும் குடியிருக்கவில்லை. சிறுகுடல் வந்து முடிவதும் அங்கேதான், பெருங்குடல் தொடங்குவதும் அங்கேதான், அந்தத் தொடக்கத்திலிருந்துதான் குடல்வால் தொங்குகிறது. க்ரோன் நோய் என்கிற நாள்பட்ட குடல் அழற்சி அதிகம் பிடிக்கிற இடம் சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதி. வயிற்று டி.பி.யும் அதே இடத்தைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. ஒற்றை அறைக் கோலியில் மூன்று குடித்தனம் இருக்கிற மாதிரி. சத்தம் கேட்கும், யார் போட்ட சத்தம் என்று வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது.

நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி, குடல்வால் வீங்கினால் விரல் நுனியால் எங்கே அழுத்தினால் அதிகம் வலிக்கும் என்று 1889இல் இடம் குறித்துக் கொடுத்தார். இன்றும் டாக்டர் அங்கேதான் அழுத்திப் பார்க்கிறார். அழுத்தினால் க்ரோன் நோயாளியும் கத்துவார், டி.பி. நோயாளியும் கத்துவார். காய்ச்சல் மூன்றிலும் வரலாம். குடல்வால் அழற்சியிலும் க்ரோன் நோயிலும் ரத்தத்தில் வெள்ளை அணு கூடும். சோனோகிராஃபியில் வீக்கம் தெரிந்தாலும், அது எதன் வீக்கம் என்று அவசரத்தில் தெளிவாகாமல் போகலாம்.

பிரித்துப் பார்க்க சி.டி. ஸ்கேன் இருக்கிறது, கொலனோஸ்கோப்பி இருக்கிறது, பயாப்ஸி இருக்கிறது. அவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று டாக்டருக்கு முதலில் தோன்ற வேண்டுமே. அதைத் தோன்ற வைப்பது வலிக்கு முந்தைய வாரங்களின் கதை. குடல்வால் அழற்சி ஒன்றிரண்டு நாளில் முற்றுகிற சமாச்சாரம். வழக்கமாகத் தொப்புளைச் சுற்றித் தொடங்கும், சில மணி நேரத்தில் வலப்பக்கம் இறங்கும், சோற்றைக் கண்டால் பிடிக்காது, ஆளைச் சாய்த்துவிடும். க்ரோன் மாதக்கணக்கில் வேலை செய்யும். வயிற்றுப்போக்கு வந்து வந்து நிற்கும், நடுராத்திரியில் எழுப்பும். எடை இறங்கும். வாயில் புண், ஆசனவாயில் வெடிப்பு அல்லது கட்டி, மூட்டு வலி, ரத்தசோகை என்று வயிற்றுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றுகிறவை கூட வரும். வளர்கிற பிள்ளையானால் உயரம் நின்றுபோகலாம், பெண்பிள்ளை வயதுக்கு வருவது தள்ளிப்போகலாம். எல்லோருக்கும் எல்லாமும் வராது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து காதில் விழுந்தால் எழுதிக்கொண்டிருக்கிற டாக்டர் பேனாவை நிறுத்துவார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "கல் ஸே பேட் மே தர்த் ஹை." நேற்றிலிருந்து வயிற்று வலி.

என் மாமா சொன்னதும் அதேதான். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு, வீடு தாராவியில். மாமா தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். அன்றைக்கு முதலாளியிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் என்னைக் கூட்டிப் போனார். ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான் உள்ளே வரலாம் என்றதும் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், இந்தி தெரிந்த மாமா உள்ளே வந்தார். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டதற்கு மாமா பதில் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யே கிடையாது. வலி பொறுக்க முடியாமல் நான் கத்தியது முந்தின நாள் ராத்திரிதான், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கணபதி விசர்ஜனம் முடிந்த நாளிலிருந்தே எனக்கு வயிறு போய்க்கொண்டிருந்தது, சில நாள் ரத்தமும் கலந்து போனது, பள்ளி யூனிஃபார்ம் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தாய்மாமன் பக்கத்தில் நிற்கும்போது கக்கூஸில் ரத்தம் போகிறது என்று எந்தப் பெண் சொல்வாள்?

குடல்வாலை எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, கேட்டதை வைத்து அவர்கள் செய்தார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் அதே வலி வந்தது. தையல் இழுக்கிறது என்றார்கள். பிறகு வாயு என்றார்கள், அல்சர் என்றார்கள், பரீட்சை டென்ஷன் என்றார்கள். "அப்பெண்டிக்ஸ்தான் எடுத்தாச்சே, இனி அங்க வலிக்க என்ன இருக்கு" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. வலியை விட அந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் உறுத்தியது. ஓராண்டுக்கும் மேலே கழித்து, வேறோர் இடத்தில், பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர் மாமாவை வெளியே அனுப்பிவிட்டு, "பெஹலீ பார் கப் ஹுவா?" என்று என்னிடம் கேட்டார். முதன்முதலில் எப்போது வந்தது என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அடுத்து கொலனோஸ்கோப்பி, பயாப்ஸி, க்ரோன் என்கிற பெயர்.

இது தாராவிப் பிள்ளைகளின் தலையெழுத்து என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவருக்கு 1923இல், ராணுவ அதிகாரியாக இருந்த காலத்தில், வயிற்று வலிக்காகக் குடல்வாலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் வலி அவ்வப்போது வந்து படுத்தியது. 1956 ஜூனில், அவர் அதிபராக இருக்கும்போது, குடல் அடைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருந்தது க்ரோன் நோய். 1923இலேயே அதுதான் வலித்ததா என்று இன்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இடையில் ஓடியது 33 ஆண்டுகள், அவரைச் சுற்றி எந்தக் காலத்திலும் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. நியாயமாகச் சொன்னால், 1923இல் அந்த நோய்க்குப் பெயரே வைக்கப்படவில்லை. பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் என்ற மூவர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை வந்ததே 1932இல்தான்.

ஆபரேஷன் செய்ததால்தான் எனக்கு இந்த நோய் வந்தது என்று என் பெரியம்மா இன்றுவரை நம்புகிறாள். உங்கள் வீடுகளிலும் இந்தப் பேச்சு இருக்கும், அதையும் தீர்த்துவிடுகிறேன். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், குடல்வால் எடுத்தவர்களிடம் முதல் ஓராண்டில் க்ரோன் நோய் கண்டுபிடிக்கப்படுவது மற்றவர்களைவிட ஆறு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஐந்தாண்டு தாண்டுவதற்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கத்தி நோயைக் கொடுத்திருந்தால் அது இப்படிச் சட்டென்று ஏறி இறங்கியிருக்காது. கத்தி வைத்த அன்றே நோய் உள்ளே இருந்திருக்கிறது, பெயர்தான் பிறகு வந்தது என்பதே ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். எனக்கு நடந்ததும் அச்சு அசலாக அதுதான்.

நோய் முன்பே இருந்தது என்றால், அது இருந்த அடையாளத்தை வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். தாராவியில் வாழ்ந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். எங்கள் சந்தில் எந்த வீட்டுக்குள்ளும் கக்கூஸ் கிடையாது. பொதுக் கக்கூஸுக்கு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வரிசையில் நிற்கிற பெண்ணை எல்லோரும் கவனிப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கேட்டால் நாங்களும் சொல்ல மாட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தனியாகப் போக முடியாது என்பதால் நான் சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். என்னோடு படித்த சில பிள்ளைகளும், நோய் இல்லாதவர்கள்கூட, அப்படித்தான் செய்தார்கள். அதனால் உடம்பு இளைத்தபோது சாப்பிடாததால் இளைக்கிறாள் என்று அம்மா நினைத்தாள், நானும் நினைத்தேன். உள்ளே நாற்பது வாட் பல்பு எரிந்தால் அதிர்ஷ்டம். அந்த வெளிச்சத்தில் மலத்தில் ரத்தம் இருக்கிறதா, சளி இருக்கிறதா என்று தினமும் யார் குனிந்து பார்ப்பது? வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே தாராவிப் பிள்ளைக்குத் துணை போகிறவர்களே, "ரத்தம் போகிறதா" என்று மட்டும் கேட்டால் "தெரியாது" என்பதுதான் பல நேரம் நேர்மையான பதிலாக வரும். ராத்திரியில் எழுந்து போக வேண்டியிருக்கிறதா, அடக்கிக்கொண்டு படுக்கிறாயா, சாப்பாட்டை நீயாகக் குறைத்தாயா என்று கேளுங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு சாதாரண அஜீரணத்தில் வருவதில்லை என்று டாக்டர்களுக்குத் தெரியும், அந்த ஒரு தகவலே போதும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்குள் கக்கூஸ் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது, வாய்தான் திறப்பதில்லை. பெண் இளைத்தால் "இப்பத்தான் ஷேப்புக்கு வந்திருக்கா" என்பார்கள். பையன் இளைத்தால் ஹாஸ்டல் சாப்பாடு. வரன் பார்க்கிற நேரத்தில் வயிற்றுக் கோளாறு என்று வெளியே வரக் கூடாது. இங்கே துணைக்கு வருகிறவருக்குப் பெரும்பாலும் ஆங்கிலமே வரும், மெடிக்ளெய்ம் கார்டு கையில் இருக்கும், நர்சிங் ஹோமில் ராத்திரியே சேர்த்து மறுநாள் காலையில் துளை போட்டு ஆபரேஷன் முடிந்துவிடும். வேகம் நல்லதுதான். கதையைச் சொல்லக்கூட நேரம் விடாத வேகம் நல்லதில்லை. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே 2020 ஆகஸ்டில் பதவி விலகலை அறிவிக்கும்போது, தனக்குப் பெருங்குடல் அழற்சி திரும்பிவிட்டது என்று கேமராக்களுக்கு முன்னால் நின்று சொன்னார். அவருடையது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், க்ரோனுக்கு உடன்பிறப்பு. ஒரு நாட்டின் பிரதமர் உலகத்துக்கே சொன்னதை, கதவைச் சாத்திய அறையில் ஒரு டாக்டரிடம் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

இனி டி.பி. இங்கேதான் நீங்கள் அதிகம் மறைக்கிறீர்கள், இங்கே மறைப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று டாக்டர் கேட்டால், நம்மவர்கள் வாயிலிருந்து யோசிக்காமல் வருகிற பதில் "நஹீ". தாத்தா ஆறு மாதம் மருந்து சாப்பிட்டதும், சித்தப்பாவை ஊருக்கு அனுப்பிவைத்ததும் அப்போது யாருக்கும் நினைவுக்கு வராது. க்ரோனையும் வயிற்று டி.பி.யையும் பிரிப்பது இந்திய டாக்டர்களுக்குப் பெரிய தலைவலி. ஸ்கேனில் ஒன்று போல இருக்கும், கொலனோஸ்கோப்பியில் புண்ணைக் கண்ணால் பார்த்தாலும் ஒன்று போல இருக்கலாம், பயாப்ஸியிலும் சில நேரம் பிடிபடாது. வைத்தியமோ நேர் எதிர். க்ரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து உள்ளே டி.பி. இருந்துவிட்டால் அது உடம்பெல்லாம் பரவிவிடலாம். டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்து உள்ளே க்ரோன் இருந்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம். தெளிவில்லாத இடத்தில் நம் ஊர் டாக்டர்கள் முதலில் டி.பி. மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்து புண் ஆறியதா என்று பார்ப்பதுண்டு. அந்த இரண்டாவது கொலனோஸ்கோப்பிக்குத்தான் நம்மவர்கள் போவதில்லை. வலி குறைந்துவிட்டது, எதற்கு இன்னொரு தடவை அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்து ராத்திரி முழுக்கப் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பார்கள். க்ரோன் இருக்கிறவருக்கும் டி.பி. மருந்தில் கொஞ்ச நாள் வலி குறையலாம். புண் ஆறியதா என்பதுதான் விடை சொல்லும். டி.பி.யே என்று உறுதியானால் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, குணமாகிற நோய். அரசாங்கத்தில் மருந்து இலவசம், சத்துணவுக்காகக் கொடுக்கிற மாதம் 500 ரூபாயும் 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறது.

மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டால் வலி அடங்கும், குடல் அழற்சி இருக்கிறவருக்கு அதே மாத்திரை நோயைக் கிளறியும் விடலாம். பெயர் தெரியாத சின்ன வெள்ளை மாத்திரை என்றால் அட்டையையே கையில் எடுத்துப் போங்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால், உள்ளே குடல் ஓட்டையானாலும் வயிறு கத்தாமல் இருந்துவிடக்கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்லாயிருந்த ஆள், ஒரே நாளில் வலி வலப்பக்கம் இறங்கி, வாந்தி எடுத்து, நிமிர்ந்து நடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் உங்கள் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், வண்டியைப் பிடியுங்கள். வழியில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளலாம். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது வலி கூடுகிறதா என்று இங்கிலாந்து டாக்டர்கள் கேட்டுப் பார்த்து 2012இல் எழுதியிருக்கிறார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ஆமாம் என்றார்கள். மும்பை ரோட்டில் அதற்குத் தனியாக வேகத்தடை தேட வேண்டியதில்லை, செம்பூர் ஆட்டோவானாலும் மாட்டுங்கா டாக்சியானாலும் பள்ளமே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஆய்விலேயே, குடல்வால் கெடாத பலரும் வேகத்தடையில் வலி கூடியதாகச் சொன்னார்கள். வலிக்கவில்லை என்றால் டாக்டருக்குச் சந்தேகம் வர ஒரு காரணம் கிடைக்கும். வலித்தது என்பதால் குடல்வால்தான் என்று முடிவாகிவிடாது.

பழைய வியாதி இருக்கிறவருக்கும் அவசரம் வரும். மாதக்கணக்கான க்ரோன் ஒரு ராத்திரியில் குடலை அடைத்துவிடலாம், ஓட்டை போட்டுவிடலாம். க்ரோன் இருக்கிறவருக்கே குடல்வாலும் வீங்கலாம். ஆகவே உங்களிடம் நான் கேட்பது நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லி இல்லை, அது உங்கள் வேலையே இல்லை. "அப்பெண்டிக்ஸ்" என்று நீங்களே பெயர் சூட்டிக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். பெயரை டாக்டர் சொல்லட்டும், கதையை நீங்கள் சொல்லுங்கள்.

கதையை வாங்கிக்கொள்வது வீட்டிலிருந்து கிளம்பும்போதே நடக்க வேண்டும். கூட்டத்தில் வேண்டாம், வண்டியில் வேண்டாம், பெற்றவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். பெண்பிள்ளையானால் கேட்பது ஓர் அக்காவாக இருக்கட்டும். இந்த வலி இதற்கு முன் எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வந்து போயிருந்தால் எந்தப் பண்டிகைக்கு முன்னால், பின்னால் என்று கேளுங்கள், தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது, பொங்கலும் கணபதியும் ஞாபகம் இருக்கும். பழைய துணி இப்போது தொளதொளவென்று இருக்கிறதா என்று கேளுங்கள், எடை மிஷின் இல்லாத வீட்டில் இடுப்புப் பட்டைதான் தராசு. பிறகு ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "தீன் மஹினே ஸே ஹை, பீச் பீச் மே ஆதா ஹை, தஸ்த் பீ ஹோதா ஹை, வஜன் பீ கம் ஹுவா." மூன்று மாதமாக இருக்கிறது, விட்டு விட்டு வருகிறது, வயிற்றுப்போக்கும் உண்டு, எடையும் குறைந்திருக்கிறது. மூன்று மாதமா, ஆறு மாதமா என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். ரத்தம் போனால் "கூன் பீ ஜாதா ஹை" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லப் பத்து விநாடி போதும். டாக்டருக்கு முன்னால் வரிசை நீளமாக இருக்கிறது, அவருக்கு நேரமில்லை என்பது எனக்கும் தெரியும், பத்து விநாடியை யாரும் மறுப்பதில்லை.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான கோரிக்கை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். "மாமா, நீங்கள் போங்கள்" என்று பிள்ளை சொல்ல மாட்டாள், டாக்டரும் எல்லா நேரமும் சொல்ல மாட்டார். நீங்களாகத்தான் எழுந்து வர வேண்டும். இந்தி வராத பிள்ளையானால் நர்ஸம்மாக்களில் தமிழோ மலையாளமோ தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், மும்பை ஆஸ்பத்திரிகளில் தேடினால் பெரும்பாலும் ஒருவர் கிடைப்பார்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால் கையெழுத்துப் போடுங்கள். முடிந்து வெளியே வருகிற டாக்டரிடம் நம்மவர்கள் கேட்பது எல்லாம் "பிழைச்சுக்குவாளா", "எப்ப வீட்டுக்குப் போகலாம்" என்பதுதான். இன்னொன்றையும் கேளுங்கள்: "அந்தர் க்யா திகா?" உள்ளே என்ன தெரிந்தது? குடல்வால் வீங்கியிருந்ததா, இல்லை அது நன்றாக இருந்து பக்கத்துச் சிறுகுடல் சிவந்து தடித்திருந்ததா? டாக்டர் அதைப் பார்த்திருப்பார், டிஸ்சார்ஜ் பேப்பரில் எழுதியும் இருக்கலாம். இங்கிலீஷ் தெரிந்த யாரிடமாவது அந்தப் பேப்பரை முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, வெட்டியெடுத்த குடல்வாலைப் பற்றி. அதைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். ரிப்போர்ட் வருவதற்குள் நோயாளி வீட்டுக்கு வந்துவிடுவார். தையல் பிரிக்கப் போவோம், ரிப்போர்ட் வாங்கப் போக மாட்டோம், எடுத்துப் போட்டதில் இனி என்ன இருக்கிறது என்று. அதில்தான் இருக்கும். திசுவில் கிரானுலோமா என்று எழுதியிருந்தால், அது க்ரோனாக இருக்கலாம், டி.பி.யாக இருக்கலாம், மேலே பார்த்தே ஆக வேண்டும். குடல்வால் சாதாரணமாக இருந்தது என்று எழுதியிருந்தால், வலித்தது வேறு எது என்று போய்க் கேட்க உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். என்னுடைய ரிப்போர்ட்டைத் தேடி நான் போனபோது ஃபைல் கிடைக்கவில்லை என்றார்கள். ஓராண்டு அலைச்சலை அந்த ஒற்றைத் தாள் மிச்சப்படுத்தியிருக்குமா என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை.

ஆகவே இதைப் படிக்கிற உங்களில் யாராவது கடந்த ஓராண்டுக்குள் ஒருவரை அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தால், இந்த வாரமே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வலி திரும்பி வந்ததா என்று கேளுங்கள், பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் கேஸ் பேப்பர் நம்பரைக் குறித்துக்கொண்டு ரெக்கார்ட் ரூமுக்கு நீங்களே ஒரு நடை போய் வாங்கிவாருங்கள். வலி திரும்பியிருந்தால் அந்தத் தாளோடும் டிஸ்சார்ஜ் பேப்பரோடும் கேஸ்ட்ரோ ஓபிடிக்குக் கூட்டிப் போங்கள். சயானிலும் பரேல் கே.ஈ.எம்.மிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. கோப்பில் இரண்டு பேப்பரையும் மேலே வையுங்கள். "நேற்றிலிருந்து" என்று மட்டும் தொடங்காதீர்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து, உங்களைப் போன்ற ஒருவர் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவள்